ஒரே கம்பி, இரண்டு மீட்டர்

விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம்
வானிலை போல வருகிறது என்று
சொல்லச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
பொய். நான்தான் போடுகிறேன்.
லெஸ்டர் நகரில், மூன்றாம் மாடியில்,
ஆறிப்போன தேநீருக்குப் பக்கத்தில்.

அடுத்த குளிர்காலத்து எரிவாயுவை
இந்தக் கோடையிலேயே வாங்கிவிடுகிறோம்:
இன்னும் கடலடி விட்டு ஏறாத வாயு,
இன்னும் விழாத பனிக்கு.
அதன்மேல் கம்பிக்கூலி, கம்பத்துக்கூலி,
கட்டாமல் போனவர்களின் பாக்கி,
பயத்துக்கு ஒரு நாலு சதவீதம்.
பயம் என்று எழுதமாட்டோம். 'இடர் ஈடு.'

மலைமேல் காற்றாடிகள்
சும்மா கிடைத்த காற்றில்தான் சுற்றுகின்றன.
ஆனாலும் ஏலத்துக்குக் கடைசியாக வந்து சேரும்
எரிவாயு நிலையம் கேட்ட விலைதான்
முதலில் வந்த காற்றுக்கும்.
பந்தியில் கடைசி ஆள் கேட்ட பாயசத்துக்கு
எல்லா இலையும் பணம் கட்டுவது போல.

வீடுகளுக்கு உச்சவரம்பு உண்டு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையம் கோடு கிழிக்கும்.
கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே
கம்பெனிகள் எல்லாம் வரிசையாக உட்காருவோம்,
போட்டி என்று அதற்குப் பெயர்.
கடைகளுக்குக் கோடு கிடையாது.
கடை வைத்தவனுக்குப் பேரம் பேசத் தெரியும் என்பது
சட்டத்தின் நம்பிக்கை.

டில்வின் ப்ராசருக்குத் தெரியாது.
ப்ளைனேவனில் ரொட்டிக்கடை, மாடியில் குடித்தனம்.
தெருவிலிருந்து உள்ளே வருவது ஒரே கம்பி.
படிக்கட்டுக்கு அடியில் அது இரண்டாகப் பிரிந்து
இரண்டு மீட்டருக்குள் போகிறது.
மாடியில் கெட்டில் கொதிக்க
யூனிட் இருபத்தேழு பென்ஸ்.
கீழே அடுப்பு காய ஐம்பத்தொன்பது.
பழைய ஒப்பந்தம் தீர்ந்த தேதியை அவர் கவனிக்கவில்லை.
நாங்கள் கவனித்தோம்.

பதிவான அழைப்பில் அவர் குரல் உயரவேயில்லை.
"ஏம்மா, பதினாலு படி ஏறினதும்
கரண்டு பாதியாய் இளைச்சுப் போகுமா?"
எழுதிக் கொடுத்த தாளில் இதற்குப் பதில் இல்லை.
பொறுமையாகக் காத்திருந்ததற்கு நன்றி என்றாள் ஹெஸ்டர்.

பிப்ரவரியில்
என் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.
மாடி மீட்டரில், அரை மணிக்கொரு கணக்கில்,
விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மேடு.
மூன்றரைக்கு இன்னும் கொஞ்சம்.
ஐந்தேகால் வரை இறங்கவில்லை.
கீழ் மீட்டரோ செத்தவன் நாடி.

நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை.
ஆனால் வரைபடத்தில் அவர் ஏறுவது தெரிந்தது:
தட்டுத் தட்டாகப் பிசைந்த மாவைத் தூக்கிக்கொண்டு,
மனைவி மெரெரிட் விழித்துவிடாமல்,
மூன்றாவது படி முனகுமே, அதைத் தாண்டி.
வீட்டு அடுப்பில் ஒரு நடைக்கு ஆறு ரொட்டி.
கடையில் நாற்பது வேகும்.

'வழக்கத்துக்கு மாறான பயன்பாடு, காரணம் தேர்க'
என்கிறது திரை.
மின்கார். வெப்ப பம்ப். மருத்துவக் கருவி.
வீட்டு இணைப்பில் வியாபாரம்.
மற்றவை.

நாலாவதன் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
என் வேலையே அதுதான்.
மற்றவையைத் தொட்டேன்.
விளக்கம் எழுதாமல் நகரமாட்டேன் என்றது.
ரொட்டி, என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.
காலியாக இல்லாத எதையும் அது ஏற்கும்.

பிறகு, மதியத்துக்குள் போகவேண்டிய
அவருடைய புது ஒப்பந்தத்தை எடுத்தேன்.
கடை இணைப்பு: ஐம்பத்தாறு புள்ளி நாலு.
நான்தான் போடுகிறேன் என்றேனே,
புள்ளிக்குப் பின்னால் மட்டும்தான் என் கை எட்டும்.
நாலை இரண்டாக்கி
அனுப்பிவிட்டேன்.